நாற்காலிக்கு முன்னும் பின்னும்: வே. வசந்தி தேவியை வாசித்தல்

மார்ச் 8 நெருங்கினால் மகளிர் கல்லூரிச் சுவர்களில் சார்ட் பேப்பர்கள் ஏறும். முதல் பெண் மருத்துவர், முதல் பெண் நீதிபதி, முதல் பெண் துணைவேந்தர். ஒவ்வொரு பெயருக்கும் கீழே ஓர் ஆண்டு. மாணவிகள் அதை மனப்பாடம் செய்கிறார்கள், வினாடி வினாவில் பரிசு வாங்குகிறார்கள். அந்தப் பெண் அந்த நாற்காலியில் உட்கார்ந்து என்ன செய்தாள், உட்காருவதற்கு முன் என்னவாக இருந்தாள், எழுந்த பிறகு எங்கே போனாள் என்பதற்கு அந்தத் தாளில் இடமில்லை.

வே. வசந்தி தேவி 2025 ஆகஸ்ட் 1 அன்று தமது 86ஆம் வயதில் காலமானபோது வந்த இரங்கல் எழுத்துகளிலும் இந்தச் சார்ட் பேப்பரின் வாசனை இருந்தது. 'முன்னாள் துணைவேந்தர், கல்வியாளர்' என்று தொடங்கி, வகித்த பதவிகளை வரிசைப்படுத்தி, கல்வி உலகுக்குப் பேரிழப்பு என்று முடிப்பது வழக்கமான வடிவம். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக அவர் இருந்தது 1992 முதல் 1998 வரை, ஆறு ஆண்டுகள். மீதி எண்பது ஆண்டுகளை அந்த ஆறு ஆண்டுகளுக்கு அடைமொழியாக்கிவிடுகிறது இந்த வடிவம். நான் அதைத் தலைகீழாக வாசிக்கச் சொல்கிறேன். வசந்தி தேவியின் துணைவேந்தர் காலம் முக்கியமானதுதான். ஆனால் அதற்கு முக்கியத்துவம் கொடுப்பது அதற்கு முன்னும் பின்னும் அவர் செய்தவை.

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவிகளோடு சேர்ந்து பெண் கல்வியாளர்களின் வாழ்க்கைக் குறிப்புகளை வாசித்தபோதுதான் இந்தக் கட்டுரைக்கான கேள்விகள் எழுந்தன. அவர்களுக்குப் 'பல்கலைக்கழகம்' என்றால் காலாப்பட்டு. பாகூரிலிருந்து அங்கே போக, தெற்கே கிளம்பி, பாண்டி பேருந்து நிலையத்தில் மாறி, வடக்கே கடலோரச் சாலையில் மறுபடி ஒரு பயணம். ஊர் முழுவதையும் குறுக்காகக் கடந்தால்தான் பல்கலைக்கழக வாசல் வரும். அந்த வாசலுக்குள் இருக்கும் நிர்வாகக் கட்டடத்தில் ஒரு பெண் தலைமை வகிப்பது இவர்களுக்கு எந்த வகையில் சேதி? இதைத் தள்ளிவைத்துவிட்டு முன்னோடிகளைப் பற்றி எழுதுவதில் எனக்கு ஆர்வமில்லை.

முன்னோடிகள் எந்த வழியாக வந்தார்கள் என்று முதலில் பார்க்கலாம். 1949இல் பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார் ஹன்சா மேத்தா. இருபாலரும் படிக்கும் இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குத் தலைமையேற்ற முதல் பெண் என்று அவரைச் சொல்வார்கள். அரசியல் நிர்ணய சபையின் பெண் உறுப்பினர்களில் ஒருவர். ஐ.நா.வின் 1948ஆம் ஆண்டு மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் பிரிவில் ஆண்களை மட்டும் குறிப்பதாக வாசிக்கக்கூடிய ஆங்கிலச் சொல் இருந்ததை எதிர்த்து, மனிதர் எல்லாரையும் குறிக்கும் சொல்லை வைக்கச் செய்தவர். ஒரு சொல்லை மாற்றியதற்காகவே பெண்ணியர்கள் அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம். அதே வேளையில், அவருடைய தந்தை மனுபாய் மேத்தா பரோடா சமஸ்தானத்தின் திவான். கணவர் ஜீவ்ராஜ் மேத்தாவும் அதே சமஸ்தானத்தின் திவானாக இருந்தவர். சாதி மறுத்து மணந்த துணிச்சல் அவருடையது. அவர் போய்ச் சேர்ந்த ஊரோ, அவர் குடும்பத்தை அரண்மனை வரை அறிந்த ஊர்.

தமிழ்நாட்டில் இன்னொரு வழி திறந்தது, அதன் பெயர் மனையியல். ராஜம்மாள் பி. தேவதாஸ் அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பி, ஊட்டச்சத்துத் துறையில் வாழ்நாள் முழுவதும் உழைத்தவர். கோவை அவினாசிலிங்கம் மகளிர் கல்லூரி 1988இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானபோது அதன் முதல் துணைவேந்தரானார். பள்ளிக் குழந்தைகளின் மதிய உணவில் என்ன சத்து இருக்க வேண்டும் என்ற கேள்வியை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோன தலைமுறையின் முதன்மையான பெயர் அவருடையது. மனையியலை ஏளனம் செய்யும் பெண்ணியம் ஒன்று உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. அடுப்படியை அறிவியலாக்கிக் காட்டித்தான் அந்தத் தலைமுறைப் பெண்கள் ஆய்வகமும் நிதியும் பதவியும் கேட்க முடிந்தது. ஆனால் அந்தக் கதவுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. பெண்களுக்கான பாடம், பெண்களுக்கான நிறுவனம், அதற்குப் பெண் தலைவர் என்ற வரிசை யாரையும் பயமுறுத்தவில்லை. 1984இல் கொடைக்கானலில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் தொடங்கியபோதும் ஒரு பெண்ணைத் தலைவராக்குவதில் யாருக்கும் தயக்கம் இருந்திருக்காது. 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தில், ஆண்களும் பெண்களும் படிக்கும் அந்தப் பழைய நிறுவனத்தில், துணைவேந்தர் பட்டியலை மேலிருந்து கீழே வாசித்துப் பாருங்கள். அங்கே தயக்கம் தெரியும்.

வசந்தி தேவி வந்த வழி இந்த இரண்டும் இல்லை. அவர் எத்தனையாவது பெண் துணைவேந்தர் என்ற எண்ணிக்கையில் எனக்கு அக்கறையில்லை; எந்த வாசல் வழியாக உள்ளே வந்தார் என்பதே முக்கியம். 1938இல் திண்டுக்கல்லில் பிறந்தவர். ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தார். பாடம் வரலாறு. முனைவர் பட்டம் பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தில். நம் கல்வியாளர்கள் லண்டனுக்கும் அமெரிக்காவுக்கும் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் கிழக்கே போய்ப் பட்டம் பெற்று வந்தவர் என்பதை இரங்கல் எழுதியவர்கள் ஒரு வரியில் தாண்டிவிட்டார்கள், எனக்கு அது சுவையான விஷயமாகத் தோன்றுகிறது. அரசுக் கல்லூரிப் பேராசிரியர், கும்பகோணத்தில் அரசு மகளிர் கல்லூரி முதல்வர். இவற்றோடு கல்லூரி ஆசிரியர் இயக்கத்தின் முன்னணியில் நின்றவர். இந்தக் கடைசி வாக்கியம்தான் அவரை மற்ற முன்னோடிகளிடமிருந்து பிரிக்கிறது. ஊதியம், பணிப் பாதுகாப்பு, நிர்வாகத்தின் அடாவடி என்று சங்கம் பேசுகிற மொழியைத் தெரிந்துகொண்டு துணைவேந்தர் அறைக்குள் போனவர்கள் ஆண்களிலேயே மிகச் சிலர்.

அவருக்கும் வீட்டுப் பின்புலம் உண்டு, அதை மறைத்து அவரை ஏழைப் பெண்ணாக்க வேண்டியதில்லை. தாத்தா சக்கரைச் செட்டியார் சென்னையின் மேயராகவும் தொழிற்சங்கத் தலைவராகவும் இருந்தவர். வீட்டுத் திண்ணையிலேயே அரசியல் பேசப்பட்ட குடும்பம். ஹன்சா மேத்தாவுக்கு அரண்மனை கொடுத்த தைரியத்தை வசந்தி தேவிக்குத் தொழிற்சங்கம் கொடுத்தது என்று சொல்லலாம். வில்லியனூரிலிருந்து வரும் மாணவிக்கு இரண்டுமே இல்லை. முன்னோடிகளின் வாழ்வை 'நீயும் முயன்றால் முடியும்' என்று அவள் முன்னால் வைப்பது இதனால்தான் எனக்கு எரிச்சலூட்டுகிறது. முயற்சிக்குக் குறைவில்லாத பெண்கள் பாகூர் வயலிலும் இருக்கிறார்கள்.

துணைவேந்தர் பதவி என்பது என்ன என்று மாணவிகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அது பட்டமளிப்பு விழாவில் அங்கி போட்டு நிற்கும் பதவி என்றே அவர்கள் அறிந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டு மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஒரு தேடல் குழு மூன்று பெயர்களைப் பரிந்துரைக்கும், வேந்தரான ஆளுநர் ஒருவரை நியமிப்பார் என்பதே நெடுங்கால நடைமுறை. எந்த அரசு ஆட்சியில் இருக்கிறது என்பதும் எழுதப்படாத ஒரு விதியாக அதில் கலந்திருக்கும். பதவிக்கு வந்தவர் கையில் இருப்பது பாடத்திட்டம், தேர்வு, இணைப்புக் கல்லூரிகளின் மீதான மேற்பார்வை. அந்தக் கல்லூரிகளின் சொத்தும் முதல்வர் நியமனமும் பெரும்பாலும் அறக்கட்டளைகளின் கையில், திருச்சபைகளின் கையில், சாதிச் சங்கங்களின் கையில். நெல்லைச் சீமையில் இது இன்னும் கூர்மை. பாளையங்கோட்டையில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பெண்களுக்கென சாரா டக்கர் கல்லூரி இருந்தது. அவ்வளவு பழைய கல்வி மரபும் அவ்வளவு கெட்டியான சாதியும் ஒரே மண்ணில்.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலிருந்து தென்கோடி மாவட்டங்களைப் பிரித்து 1990இல் அமைக்கப்பட்டது இந்தப் பல்கலைக்கழகம். பெயரிலேயே ஒரு பெண் இருக்கிறாள், கவனித்தீர்களா? மனோன்மணி. ஆனால் அவள் பெ. சுந்தரம் பிள்ளையின் நாடகப் பாத்திரம், பாண்டியன் மகள். ஒரு கற்பனைப் பெண்ணின் பெயர் பலகையில் இருக்க, உண்மையான ஒரு பெண் 1992இல் உள்ளே போய் அமர்ந்தார். இரண்டு முறை அந்தப் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. அந்த ஆறு ஆண்டுகளில் வெளியே என்ன நடந்தது? 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்தில் தலித் மக்களின் வீடுகளுக்குள் போலீஸ் புகுந்தது. 1997இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்ததையொட்டித் தென்மாவட்டங்களில் கலவரம். கடைசியில் மாவட்டங்களிலிருந்தும் பேருந்துகளிலிருந்தும் தலைவர்கள் பெயரையெல்லாம் அரசு அழித்தது. இப்படிப்பட்ட ஊர்களிலிருந்து வரும் மாணவர்கள் ஒரே வகுப்பறையில் உட்கார்ந்த காலத்தில் ஒரு வரலாற்றுப் பேராசிரியர் துணைவேந்தராக இருந்தார். மனித உரிமைக் கல்வி என்ற சொல்லோடு அவர் பெயர் பின்னாளில் இறுகப் பிணைந்ததை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் வாசிக்க வேண்டும். மதுரையை மையமாகக் கொண்ட மனித உரிமைக் கல்வி நிறுவனத்தின் தலைவராகி, அந்தப் பாடத்தைப் பள்ளிக்கூடங்களுக்கு எடுத்துச் செல்லும் பணியில் பல ஆண்டுகள் இருந்தார். பல்கலைக்கழகத் தலைமையிலிருந்து இறங்கி ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் போனதைப் பதவி இறக்கமாக நினைக்கும் புத்தி நம் கல்வி உலகத்துக்கு உண்டு. அவருக்கு அது இல்லை.

அவர் எண்ணங்களை அறிய நம் கையில் இருக்கும் நூல்களில் இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று 'சக்தி பிறக்கும் கல்வி'. மற்றது 'தமிழகத்தில் கல்வி: வே. வசந்தி தேவியுடன் ஓர் உரையாடல்', சுந்தர ராமசாமி அவரோடு நடத்திய நீண்ட பேச்சு. இந்த இரண்டாவது நூலின் தலைப்பில் 'உடன்' என்ற உருபு என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. கேட்கிறவர் தமிழின் பெரிய நாவலாசிரியர். பதில் சொல்கிறவர் ஆறு ஆண்டுகள் ஒரு பல்கலைக்கழகத்தை நடத்தியவர். துறை அவருடையது, அனுபவம் அவருடையது. நூலகத் தட்டில் அதைத் தேடிப் போகும் வாசகர் பெரும்பாலும் நாவலாசிரியர் பெயரைப் பிடித்துக்கொண்டுதான் போவார். இதில் சுந்தர ராமசாமியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஓர் எழுத்தாளர் தம் மேடையைக் கல்விக்காகத் திறந்துவிட்டார், நல்ல காரியம். இருந்தாலும் ஒரு பெண் நிர்வாகியின் அறிவு தமிழில் நூலாவதற்கு ஓர் இலக்கிய ஆண் பக்கத்தில் உட்கார வேண்டியிருந்த சூழலைப் பார்க்காமல் போக முடியவில்லை. அந்த நூலின் பொருளும் கல்விதான், அவர் வாழ்க்கை அல்ல. தன்னைப் பற்றிப் பேசாமல் வேலையைப் பற்றிப் பேசும் அந்தக் கண்ணியத்தை மதிக்கிறேன், அதனால் நமக்கு ஏற்படும் நட்டத்தையும் சொல்கிறேன்.

நட்டம் என்ன என்பதை வாசிப்பில் ஒரு மாணவி கேட்ட கேள்வி காட்டியது. "அவங்களுக்குக் கல்யாணம் ஆச்சா மேடம்? வீட்டுல யாரு பாத்துக்கிட்டாங்க?" சிலர் சிரித்தார்கள். ஆண் துணைவேந்தரைப் பற்றி இப்படிக் கேட்பாயா என்று ஒருத்தி மடக்கினாள். மடக்கியது சரியான பெண்ணியம்தான். ஆனால் கேட்டவளும் வம்புக்குக் கேட்கவில்லை. இளங்கலை இரண்டாம் ஆண்டிலேயே வீட்டில் ஜாதகம் எடுத்துவிட்ட பெண் அவள். காலையில் தண்ணீர் பிடித்து, தம்பிக்குச் சாப்பாடு கட்டிவிட்டு, பேருந்து பிடித்து வருகிறாள். ஒரு பெண் கூட்டம் நடத்திக் கோப்பு பார்த்து ஊர் ஊராகப் போய்வந்தால் அந்த வீட்டின் அரிசியை யார் களைந்தார்கள் என்பது அவளுக்கு ஏட்டுக் கேள்வி இல்லை. தனி வாழ்க்கையைத் துருவக் கூடாது என்ற நாகரிகத்தின் பெயரால் வீட்டு வேலையையும் சேர்த்து மறைத்துவிடுகின்றன நம் வாழ்க்கை வரலாறுகள். கணவர் பெயர், பிள்ளைகள் பெயர் எனக்கு வேண்டாம். வேலைப் பங்கீடு வேண்டும். பெண்ணியர் எழுதும் வாழ்க்கை வரலாற்றில்கூட இந்தப் பத்தி காணாமல் போவதுதான் எனக்கு வருத்தம்.

புதுச்சேரிக்கு வருவோம். காலாப்பட்டில் 1985இல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு 2013இல் முதல் முறையாக ஒரு பெண் துணைவேந்தரானார். சார்ட் பேப்பரில் ஒரு வரி கூடியது. இரண்டே ஆண்டுகளில் அவருடைய கல்வித் தகுதிகள் குறித்த குற்றச்சாட்டுகள், மாணவர்களும் ஆசிரியர்களும் நடத்திய போராட்டம், அமைச்சகத்தின் நடவடிக்கை என்று நிலைமை மாறி, பதவிக்காலம் முடியும் முன்பே அவர் வெளியேற நேர்ந்தது. அந்த வரியை என்ன செய்வது? பெண் என்பதால் தாக்கப்பட்டார் என்று முழுதாகப் பரிந்து பேசவும் முடியாது, பெண்கள் தலைமைக்கு வந்தால் இப்படித்தான் என்று தேநீர்க்கடையில் பேசியவர்களோடு சேரவும் முடியாது. போராடிய மாணவர்களில் பெண்களும் இருந்தார்கள். 'முதல் பெண்' என்ற அளவுகோல் இந்த இடத்தில் பயன்படவே இல்லை. நாற்காலியில் இருப்பவரிடம் கணக்குக் கேட்கும் உரிமை கீழே நிற்பவருக்கு உண்டா என்பதுதான் கேள்வி. வசந்தி தேவி சங்கத்திலிருந்து வந்தவர் என்பதை நான் இத்தனை முறை சொல்வதற்குக் காரணம் இதுவே. கணக்குக் கேட்கும் பக்கம் நின்று பழகியவர் அவர்.

பாகூருக்குக் கல்வி புதிதில்லை. 9ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் இங்கிருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைக் கொடையாக எழுதிய செப்பேடு கிடைத்திருக்கிறது. வடமொழியும் தமிழும் கலந்த செப்பேடு. உள்ளூர் வரலாற்று ஆர்வலர்கள் 'அன்றைய பல்கலைக்கழகம்' என்று பெருமையாகச் சொல்வார்கள். பெருமைப்படட்டும். அந்தக் கல்வி வேதியர்க்கானது. மூன்று ஊர்களின் விளைச்சல் அதைப் போஷித்தது. நெல் வயலில் நாற்று நட்டது யார் என்று செப்பேடு சொல்லாது, சொல்லத் தேவையுமில்லை. இன்றும் பாகூர் ஏரிப் பாசனத்தில் நடவுக்குக் குனிவது பெண்கள். கல்விக்கான பணம் யாருடைய உழைப்பிலிருந்து வருகிறது, அதன் பலன் யாருக்குப் போகிறது என்ற கேள்விக்குப் பதினோரு நூற்றாண்டு வயது.

வசந்தி தேவியின் பிற்கால எழுத்தும் பேச்சும் சுற்றிச்சுற்றி வந்தது இந்தக் கேள்வியைத்தான். கல்வி அரசின் பொறுப்பு, அருகமைப் பள்ளியில் எல்லாச் சாதி, எல்லா வர்க்கப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கும் பொதுப்பள்ளி முறை வேண்டும், வணிகமயத்தைத் தடுக்க வேண்டும் என்று விடாமல் சொன்னார். கேட்டுக் கேட்டுப் பழகிய வாசகம் போலத் தோன்றும். வில்லியனூர் கொம்யூனின் அரியூரிலும் பாகூர் கொம்யூனின் கிருமாம்பாக்கத்திலும் தனியார் மருத்துவக் கல்லூரிக் கட்டடங்கள் எழுந்து நிற்பதைப் பேருந்து ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு போகும் பெண்ணிடம் கேட்டுப் பாருங்கள். சுற்றியிருந்தது வயல், அந்த வயலில் வேலை செய்த குடும்பத்துப் பெண்ணுக்கு சென்டாக் கலந்தாய்வில் இடம் கிடைத்தால் உண்டு. காலாப்பட்டிலோ உள்ளூர் மாணவர்க்கான 25 சதவீத ஒதுக்கீடு சில படிப்புகளோடு நின்றிருக்கிறது, எல்லாப் படிப்புகளுக்கும் அதை விரிக்க வேண்டும் என்பது பழைய கோரிக்கை.

பதவியை விட்ட பின் அவர் போன இடங்களைப் பார்த்தால் மற்றவர்களின் ஓய்வுக்காலம் நினைவுக்கு வரும்: ஏதாவது ஒரு தனியார் நிகர்நிலையின் ஆலோசகர் பதவி, கார், அறை. வசந்தி தேவி 2002 முதல் 2005 வரை தமிழ்நாடு மாநில மகளிர் ஆணையத்தின் தலைவராக இருந்தார். துணைவேந்தர் நியமனம் வந்தபோதும் ஆணையப் பொறுப்பு வந்தபோதும் மாநிலத்தில் இருந்தது அ.தி.மு.க. ஆட்சி. 2016 சட்டமன்றத் தேர்தலில் அந்தக் கட்சியின் தலைவரும் முதலமைச்சருமான ஜெயலலிதாவை எதிர்த்து, ஆர்.கே. நகரில், விடுதலைச் சிறுத்தைகள் கட்சி வேட்பாளராக நின்றார். அப்போது அவருக்கு வயது 77. தோற்றார், தோற்பார் என்று அவருக்கும் தெரிந்திருக்கும். இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்ற தேர்தல் என்று பார்ப்பதைவிட, தலித் அரசியல் இயக்கம் ஒன்றின் சின்னத்தில் வடசென்னைத் தெருக்களில் ஒரு முன்னாள் துணைவேந்தர் வாக்குக் கேட்டது என்று பார்ப்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. இரங்கல் குறிப்புகளில் இது பல இடங்களில் ஓர் ஓரத்து வாக்கியம். நான் எழுதினால் முதல் பத்தியில் வைப்பேன்.

அதன் பிறகும் அவர் ஓயவில்லை. பள்ளிக் கல்விப் பாதுகாப்பு இயக்கத்தின் மேடைகளில், தேசியக் கல்விக் கொள்கையை எதிர்த்த கூட்டங்களில் எண்பது வயது தாண்டியும் பேசினார். பள்ளிப் பாடத்தை அந்தந்த மாநிலம் முடிவு செய்ய வேண்டும், அது தாய்மொழியில் இருக்க வேண்டும் என்பதில் அவருக்குச் சமரசமில்லை. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் 2023–24 கல்வியாண்டில் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தை விட்டு சிபிஎஸ்இக்கு மாறத் தொடங்கின. பாகூரிலும் வில்லியனூரிலும் அரசுப் பள்ளிகளில் இருக்கும் பெண் பிள்ளைகள், தங்கள் அக்காக்கள் படித்த தமிழ்ப் பாடநூல்களை வைத்துவிட்டு, வீட்டில் யாரும் சொல்லித்தர முடியாத புத்தகங்களோடு இப்போது உட்கார்ந்திருக்கிறார்கள்.